சுவடு தேடும் கண்

வடகிழக்குப் பருவத்தின் முதற் பெருமழை ஓய்ந்த இரவில், செங்கற்பட்டுச் சீமையின் ஏரிக்கரை ஒன்றிலே கைவிளக்குடன் போய் நிற்பவருக்கு, பகலில் மாடு மேய்ந்த அந்த வறண்ட பூமிதானா இது என்ற ஆச்சரியம் உண்டாகாமல் இராது. பின்னங்காலில் மண்வெட்டியை ஒத்த தடிப்பொன்றைப் பெற்றிருக்கும் மண்தவளைகள், கோடை முழுவதும் பூமிக்குள் புதைந்து கிடந்துவிட்டு, ஈரம் இறங்கியதும் மேலே வருகின்றன. பெருந்தவளையின் ஆணோ, பச்சையும் பழுப்புமான வழக்கமான நிறம் மாறி, எலுமிச்சம்பழ மஞ்சள் மேனியும் தாடையின் இருபுறமும் நீலக் குரற்பைகளுமாக மிதந்தபடி துணையை அழைக்கிறது. விளக்கை நெற்றியோரம் உயர்த்திப் பிடித்தால், புல்லிடையே தவளைக் கண்கள் பொறிபோல் மின்னும்; அக்கண்ணுக்குள் சென்ற ஒளி சென்ற வழியே திரும்புவதால், பார்ப்பவர் கண்ணருகே விளக்கு இருந்தாலன்றி அது புலப்படாது. வயற்பூச்சிகளைத் தின்று தீர்க்கும் இந்த ஜீவன்களின் கால்களைக் கப்பல் கப்பலாக அந்நிய நாடுகளுக்கு அனுப்பிவந்த வியாபாரத்தை, 1987-இல்தான் நம் அரசாங்கம் தடை செய்தது என்பதை நினைக்கையில் மனம் வருந்துகிறது.

தவளையைக் காட்டிக்கொடுக்க அதன் குரல் இருக்கிறது. பாம்புக்கு அதுவும் இல்லை. அதைத் தேடுவது சுவடு படிக்கும் வித்தை. அவ்வித்தையில் இப்பிரதேசத்து இருளர்களுக்கு நிகரானவர்களை நான் அறியேன். பாம்புத் தோலுக்காக வேட்டையாடிப் பிழைத்துவந்த அம்மக்கள், 1976-இல் தோல் ஏற்றுமதி நின்றபோது ஜீவனோபாயம் இழந்து தவித்தார்கள். பாம்பியல் அறிஞர் ரோமுலஸ் விட்டேகர் முதலியோரின் பிரயாசையால் 1978-இல் அவர்களுக்கென்று கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கையும் உயிருடன் பிடித்துவந்து, வடநெம்மேலியிலுள்ள சங்கத்து நிலையத்தில் சில வாரம் வைத்து விஷம் எடுத்தபின் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். விஷமுறிவு மருந்துக்கு ஆதாரம் அந்த விஷமே. அவர்களுள் மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இருவரை, பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைத் தேடுவதற்காக 2017-இல் ஃபுளோரிடாவுக்கு அழைத்தார்கள். முன்பின் கண்டிராத அந்தச் சதுப்புநிலத்தில் இரண்டு வாரத்திற்குள் 13 பாம்புகளை அவர்கள் பிடித்தார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

இருளர் பெரியவர் ஒருவருடன் ஒருநாள் முற்பகல் முட்புதர்க் காட்டில் நடக்கும் பாக்கியம் எனக்குக் கிட்டியது. எனக்கு வெறும் மணலாகத் தெரிந்த இடத்தில் அவர் நின்றார். வளைந்து சென்ற தடத்தின் ஒவ்வொரு வளைவிலும் மணல் ஒருபுறம் சிறிது ஒதுங்கியிருந்ததைக் காட்டி, பாம்பு அதைப் பின்னுக்குத் தள்ளித்தான் முன்னேறும் என்றார். எலிவளையொன்றின் வாயில் சிலந்திவலை அறுபடாமல் இருந்ததைக் கண்டதும், அண்மையில் எதுவும் நுழையவில்லையென்று கடந்துபோனார். வேலியோரத்தில் கிடந்த பாம்புச் சட்டையை விரலால் தொட்டு, "இன்னும் ஈரம் இருக்குதுங்க ஐயா, வால் எந்தப் பக்கம் காட்டுதோ, அந்தப் பக்கந்தான் போயிருக்கும்" என்றார். வாயருகே பிளந்து, உட்புறம் வெளியாகப் புரண்டு கழலுவதால் சட்டையின் வால்நுனியே பாம்பு சென்ற திசையில் கிடக்கிறது என்னும் சூட்சுமத்தை, இத்தனை வருஷம் சட்டைகளைப் பார்த்தும் நான் அறிந்திருக்கவில்லை.

இவற்றைத் தேடிப் போவோர் சிலவற்றை நினைவிற்கொள்ள வேண்டும். அனுமதியின்றிப் பாம்பைப் பிடிப்பது 1972-ஆம் வருஷத்து வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், காண்பதற்கோ தடையில்லை. பொந்திலும் பாறைவெடிப்பிலும் கையை நுழைக்கலாகாது. கொசுத்தைலம் பூசிய கையால் தவளையைத் தொடுவதும் கூடாது. சருமத்தின் வழியாகவே நீரையும் காற்றையும் கொள்ளும் பிராணி அது.

பெரியவர் அன்று கடைசியாக ஒரு தட்டைக் கல்லின் எதிர்விளிம்பைப் பற்றித் தம் பக்கமாகச் சாய்த்தார். அப்படிச் செய்தால் அடியில் இருப்பதற்கும் அவருக்கும் நடுவே கல்லே தடுப்பாகிவிடுகிறது. ஒரு சாண் நீளச் சுருட்டைவிரியன் சுருண்டு கிடந்தது. அதைக் கோலால் மெல்ல ஓரமாக ஒதுக்கி, கல்லைப் பழைய பள்ளத்திலேயே பொருந்த வைத்தபிறகு, அது தானாக விளிம்பின் கீழ் நுழையும்வரை காத்திருந்தார். செதிலோடு செதில் உரசி ரம்பம் அறுப்பது போல் எழுந்த ஒலி, கல்லுக்கடியிலிருந்து சற்றுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.