சி டிரைவைத் தின்றது யார், தெரியுமா?

கம்ப்யூட்டரில் 'திஸ் பிசி'யைத் திறந்தால் சி டிரைவுக்குக் கீழே ஒரு நீலப் பட்டை தெரியுமே, அது எப்போது சிவப்பாகும் தெரியுமா? காலி இடம் பத்து சதவீதத்துக்குக் கீழே இறங்கியதும்! அன்றைக்கு வீட்டில் விசாரணைக் கமிஷன் உட்காரும். "எல்லாம் நீ இறக்கின கேம்தான்டா!" "இல்லப்பா, உங்க கல்யாண வீடியோ!" என்று ஆளுக்கொரு பழி. ஆனால் பல வீடுகளில் நிஜமான ஆள் இவர்கள் யாருமே இல்லை. பேக்கப்! அதுவும் நீங்கள் எடுத்த பேக்கப் அல்ல. உங்கள் நன்மைக்காகவே, உங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல், கம்ப்யூட்டர் தானே எடுத்து ஒளித்து வைத்த பேக்கப்!

ஒளித்து வைத்ததை எப்படிக் கண்டுபிடிப்பது? விண்டிர்ஸ்டாட், விஸ்ட்ரீ என்று வீட்டு உபயோகத்துக்கு இலவசமாகவே மென்பொருள்கள் கிடைக்கின்றன. ஓடவிட்டால் டிஸ்க் முழுவதையும் வண்ண வண்ணக் கட்டங்களாகப் போட்டுக் காட்டும். பெரிய கட்டம் என்றால் பெரிய ஃபைல், அவ்வளவுதான். பங்குச் சந்தைச் செய்திகளில்கூட இப்போது இதே மாதிரி கட்டப் படம் போடுகிறார்கள். இந்தப் படம் முதலில் எதற்காகப் பிறந்தது தெரியுமா? டிஸ்க் ஃபுல் ஆன எரிச்சலில்! 1990-ல் அமெரிக்காவின் மேரிலேண்ட் பல்கலைக்கழகத்தில் பென் ஷ்னைடர்மன் என்ற பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் 14 பேருக்கும் சேர்த்து ஒரே ஹார்டு டிஸ்க். அதன் அளவு 80 எம்பி. ஜிபி இல்லை, எம்பிதான்! இன்று குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வரும் ஒரு காதுகுத்து வீடியோவே அதை நிரப்பிவிடும். இடத்தை அடைத்துக்கொண்டிருப்பது யாருடைய ஃபைல் என்று ஒரே பார்வையில் பிடிக்க வேண்டும் என்று அவர் மண்டையைக் குடைந்துகொண்டதில் வந்ததுதான் 'ட்ரீமேப்'. இந்த மென்பொருள்களை ஓடவிடும்போது அட்மினாக ஓடவிடுங்கள். இல்லையென்றால் ஒளிந்திருக்கிற பெரிய ஆட்கள் படத்தில் சிக்கமாட்டார்கள்.

சிக்குகிறவர்களில் முதல் ஆள் பெரும்பாலும் 'விண்டோஸ்.ஓல்ட்'. விண்டோஸை அடுத்த பதிப்புக்கு மாற்றும்போது பழைய விண்டோஸ் எங்கே போகிறது தெரியுமா? எங்கேயும் போவதில்லை! அப்படியே மூட்டை கட்டி சி டிரைவிலேயே வைக்கப்படுகிறது. புதியது பிடிக்காவிட்டால் திரும்பிப் போக வேண்டுமே, அதற்காக. பத்து ஜிபி, இருபது ஜிபி என்று சர்வசாதாரணமாக உட்கார்ந்திருக்கும். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டதால் எத்தனையோ வீடுகளில் 11-க்குத் தாவினார்கள்; தாவியவர்கள் அத்தனை பேர் வீட்டுக்கும் இந்த மூட்டை வந்திருக்கும். பத்து நாள் ஆனதும் தானாகவே அழிந்துவிட வேண்டும் என்பது ஏற்பாடு. வேண்டுமானால் ஒரு கட்டளை கொடுத்து அந்தக் கெடுவை 60 நாள் வரை நீட்டலாம் என்பது பலருக்குத் தெரியாது! காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்கள் ரைட் கிளிக் போட்டு டெலிட் அடித்துப் பார்ப்பார்கள். 'உங்களுக்கு அனுமதி இல்லை' என்று முகத்தில் அடித்தாற்போல் ஒரு பெட்டி வந்து நிற்கும். அதற்கு ராஜபாட்டை வேறு: செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் ஸ்டோரேஜ், அதில் டெம்பரரி ஃபைல்ஸ். அங்கே 'ப்ரீவியஸ் விண்டோஸ் இன்ஸ்டலேஷன்' என்பதற்கு டிக் போட்டு அழித்தால் சத்தமில்லாமல் போய்விடும். போனபின் பழைய விண்டோஸுக்குத் திரும்பும் கதவும் சாத்தப்பட்டுவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

ஐபோன் வைத்திருக்கும் வீடா? அப்படியானால் இதைக் கேளுங்கள்! என்றோ ஒருநாள் ஐட்யூன்ஸில் போனைச் செருகி 'பேக்கப்' என்று அழுத்தியிருப்பீர்கள். அந்த போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்து, அடுத்ததையும் கொடுத்து, மூன்றாவதை இப்போது கையில் வைத்திருப்பீர்கள். முதல் போனின் பேக்கப் இன்னும் உங்கள் சி டிரைவில்தான் இருக்கிறது! எங்கே? யூசர்ஸ், உங்கள் பெயர், ஆப்டேட்டா (இது கண்ணுக்கே தெரியாத ஃபோல்டர்), ரோமிங், ஆப்பிள் கம்ப்யூட்டர், மொபைல்சிங்க், பேக்கப். மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து ஐட்யூன்ஸை இறக்கியவர்களுக்கு, உங்கள் பெயர் ஃபோல்டருக்குள்ளேயே ஆப்பிள் என்று ஒன்று இருக்கும், அதில் மொபைல்சிங்க்.

உள்ளே போய்ப் பாருங்கள், தலை சுற்றும். ஒரு போனுக்கு ஒரு ஃபோல்டர்; பெயரோ வெறும் எண்ணும் எழுத்துமாக நீளமாக ஓடும். அதற்குள் இரண்டே எழுத்தில் பெயர் வைத்த குட்டி ஃபோல்டர்கள், 256 வரை! அவற்றுக்குள் ஆயிரக்கணக்கான ஃபைல்கள், ஒவ்வொன்றுக்கும் 40 எழுத்தில் பெயர். இது போட்டோவா, பாட்டா, மெசேஜா என்று பெயரைப் பார்த்துச் சொல்லவே முடியாது. போனுக்குள் அந்த ஃபைல் இருந்த இடத்தை 'ஷா-1' என்ற கணக்கில் அரைத்து எடுத்த பெயர் அது. இதில் ஒரு வேடிக்கை தெரியுமா? போன் எதுவானாலும் குறுஞ்செய்திகள் போனுக்குள் ஒரே இடத்தில்தான் சேமிக்கப்படுகின்றன. ஆகவே யாருடைய ஐபோன் பேக்கப்பைத் திறந்தாலும் குறுஞ்செய்தி ஃபைலுக்கு அச்சு அசல் ஒரே 40 எழுத்துப் பெயர்! '3டி' என்ற குட்டி ஃபோல்டரில் போய்ப் பார்த்தால் இருக்கும். பேக்கப்புக்குப் பாஸ்வேர்டு போடாமல் விட்டிருந்தால் உங்கள் கம்ப்யூட்டரில் உட்காரும் யாரும் அதைத் திறந்து படிக்கலாம் என்பது இந்த வேடிக்கையின் மறுபக்கம். பாஸ்வேர்டு போட்டால் இன்னொரு லாபமும் உண்டு: சேமித்த பாஸ்வேர்டுகளும் உடல்நலக் குறிப்புகளும் அப்போதுதான் பேக்கப்பில் சேரும், போடாத பேக்கப்பில் அவை இருக்கவே இருக்காது!

பழைய போனின் பேக்கப்பை அழிக்க அந்த ஃபோல்டருக்குள் கைவிடாதீர்கள். 'இந்தக் குட்டி ஃபோல்டர் பெரிதாக இருக்கிறதே' என்று ஒன்றை மட்டும் அழித்தால் மிச்சமிருப்பது பேக்கப்பாகவே செல்லாமல் போகலாம், இடமோ அப்படியே அடைபட்டுக் கிடக்கும். ஐட்யூன்ஸிலேயே ப்ரிஃபரன்ஸஸ், டிவைசஸ் என்று போனால் எந்த போன், எந்தத் தேதி என்று வரிசையாகக் காட்டும். தேதியைப் பார்த்து அழிக்கலாம்.

ஹைபர்ஃபில்.சிஸ் என்ற ஃபைலைப் பார்த்து வைரஸ் என்று பயந்தவர்கள் உண்டா? அது உங்கள் ராமின் நகல்! ஹைபர்னேட் செய்யும்போது ராமில் இருப்பதைக் கொட்டி வைக்க விண்டோஸ் முன்கூட்டியே பிடித்து வைக்கும் இடம். பொதுவாக ராம் அளவில் 40 சதவீதம். 16 ஜிபி ராம் போட்டுப் பெருமைப்பட்டவர்கள் சி டிரைவில் ஆறு ஜிபிக்கு மேல் தண்டம் கட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஹைபர்னேட் வசதியை அணைத்தால் ஃபைலும் மறைந்துவிடும். கூடவே ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் போய்விடும்.

நீங்கள் காசு கொடுத்து வாங்கிய கம்ப்யூட்டரில் நீங்களே திறக்க முடியாத ஃபோல்டர் ஒன்று உண்டு, தெரியுமா? 'சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்'! பெயரே மிரட்டுகிறது. ப்ராப்பர்ட்டீஸ் போட்டுக் கேட்டால் 'பூஜ்யம் பைட்' என்று கூசாமல் பொய் சொல்லும். உள்ளே பல ஜிபி இருக்கும். ஏதாவது கெட்டுப்போனால் பழைய நிலைக்குத் திரும்ப விண்டோஸ் எடுத்து வைக்கும் ரீஸ்டோர் பாயின்ட்டுகள் குடியிருக்கும் இடம் அதுதான். சிஸ்டம் ப்ரொடெக்ஷன் பக்கத்தில் 'கான்ஃபிகர்' அழுத்தினால் ஒரு நகர்த்துக் கம்பி வரும். இவ்வளவு இடத்துக்கு மேல் எடுக்காதே என்று அதில் கடிவாளம் போடலாம். டிஸ்க் கிளீன்அப்பில் கடைசி ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்ற ரீஸ்டோர் பாயின்ட்டுகளை மொத்தமாக அழிக்கவும் வழி இருக்கிறது.

கறுப்புத் திரையில் ஒரே வரி அடித்து எல்லாவற்றையும் துடைத்தெறியும் குறுக்குவழியும் உண்டு. அந்த வரியை அதிகம் பயன்படுத்துவது யார் தெரியுமா? ரேன்சம்வேர் கும்பல்! 2017 மே மாதம் உலகையே உலுக்கிய 'வான்னாக்ரை' ஃபைல்களைப் பூட்டியதோடு நிற்கவில்லை, இந்த வரியையும் ஓட்டி, ரீஸ்டோர் பாயின்ட்டுகளில் இருக்கும் நிழல் பிரதிகளை அழித்தது. திரும்பிப் போக வழி இருந்தால் யார் பணம் கட்டுவார்கள்? அதனால் இடம் வேண்டும் என்பதற்காக நாமே அந்த வரியை அடிப்பதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். கடிவாளம் போதும்.

மேக் வைத்திருப்பவர்கள் சிரிக்க வேண்டாம். 50 ஜிபி படத்தை அழித்து, ட்ராஷையும் காலி செய்தபிறகு, காலி இடம் ஒரு எம்பிகூட கூடாமல் நிற்கும் மாயத்தைப் பார்த்ததுண்டா? அழித்தது போய்விட்டது, ஆனால் மேக்கின் பேக்கப் வசதியான டைம் மெஷின், அதே டிஸ்கிலேயே எடுத்து வைத்த 'ஸ்னாப்ஷாட்' அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கும்! பொதுவாக 24 மணி நேரத்தில் விட்டுவிடும். இடம் நெருக்கடியானால் அதற்கு முன்பே மேக் தானாக விடுவிக்கும். 2007-ல் வந்த டைம் மெஷினின் பழைய பேக்கப் டிஸ்குகளில் இன்னொரு மாயம்: ஒவ்வொரு தேதி ஃபோல்டரைத் திறந்தாலும் முழுக் கம்ப்யூட்டரும் உள்ளே இருக்கும். நூறு தேதி என்றால் நூறு கம்ப்யூட்டர் அளவு இடமா? இல்லவே இல்லை! மாறாத ஃபைல் டிஸ்கில் ஒரே ஒருமுறைதான் இருக்கும். நூறு ஃபோல்டரும் அந்த ஒன்றையே சுட்டும். ஆகவே ஒரு தேதியை அழித்தால் அந்தத் தேதிக்கே உரிய மாற்றங்களின் இடம் மட்டும்தான் திரும்பக் கிடைக்கும்.

விண்டோஸின் பேக்கப் வசதியான ஃபைல் ஹிஸ்டரிக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது! ஒரு ஜிபி ஃபைலில் ஒரே ஒரு எழுத்து மாறினாலும் முழு ஃபைலும் மறுபடி நகலாகும். வழக்கமான அமைப்பில் மணிக்கொரு தடவை பார்த்துக்கொண்டே இருக்கும். எத்தனை நாள் வைத்திருப்பது என்று கேட்டால் அதில் முதலிலேயே குறித்திருக்கும் பதில் 'ஃபாரெவர்'! எக்ஸ்டர்னல் டிஸ்க் ஏன் நிரம்பியது என்று இனிமேல் கேட்காதீர்கள். அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் 'கிளீன் அப் வெர்ஷன்ஸ்' இருக்கிறது. ஒரு வருடத்துக்கு முந்தையதை எடு என்றால் எடுத்துவிடும். போட்டோக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை: லைட்ரூம் கிளாசிக் எடுக்கும் கேட்டலாக் பேக்கப்புகளை அது தானாக ஒருபோதும் அழிக்காது. பேக்கப்ஸ் ஃபோல்டரில் தேதிவாரியாகக் குவிந்து கிடக்கும். இதை மட்டும் நீங்களே கையால் அழிக்கலாம், கடைசிச் சிலதை விட்டுவிட்டு.

இடம் பண்ணுவதற்காகப் பெரிய பேக்கப்பை பென் டிரைவுக்கு மாற்றப் போனால், 32 ஜிபி காலியாக இருக்கும்போதே 'ஃபைல் மிகப் பெரிது' என்று மறுக்கும், கவனித்திருக்கிறீர்களா? ஃபேட்32 முறையில் ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு ஒரு பைட்டாவது குறைவாக இருந்தாக வேண்டும்! எக்ஸ்ஃபேட் என்று ஃபார்மேட் செய்தால் தீர்ந்தது. ஆனால் ஃபார்மேட் செய்தால் உள்ளே இருப்பதும் தீர்ந்தது. ஜிப் செய்து சுருக்கலாமே என்றால், ஜேபெக் போட்டோவும் எம்பி4 வீடியோவும் ஏற்கெனவே சுருங்கியவை. ராத்திரி முழுக்க ஜிப் ஓடினாலும் பெரிதாக ஒன்றும் இளைக்காது!

ஷிஃப்ட் டெலிட் அடித்தபிறகு ஐயோ என்றால் என்ன ஆகும்? பழைய ஹார்டு டிஸ்கில் ஃபைலின் பெயர்ப்பதிவுதான் நீங்கும். மேலே வேறொன்று எழுதப்படும்வரை சரக்கு அங்கேயே கிடக்கும், மீட்டெடுக்க வாய்ப்பு உண்டு. எஸ்எஸ்டியில் கதை வேறு. 2009-ல் வந்த விண்டோஸ் 7 முதல், 'இந்த இடம் இனி வேண்டாம்' என்று 'ட்ரிம்' கட்டளை எஸ்எஸ்டிக்குப் போய்விடுகிறது. அது உள்ளுக்குள் துடைத்துவிட்டால், டேட்டா ரிக்கவரி கடைக்கு எடுத்துக்கொண்டு ஓடினாலும் பெரும்பாலும் பயனில்லை. அதனால் பழையதை அழிக்குமுன் புதிய பேக்கப்பைத் திறந்து, நாலு போட்டோவையாவது கண்ணால் பார்த்துவிடுங்கள்.

பார்க்காமல் நம்பியவர்கள் சின்ன ஆட்கள் இல்லை! 2017 ஜனவரி 31 இரவு கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் துணை சர்வரில் அழிப்பதாக நினைத்து முதன்மை சர்வரில் அழித்துவிட்டார். சுதாரித்து நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபி போய் 4.5 ஜிபிதான் மிச்சம். பேக்கப்பைத் தேடினால், மென்பொருள் பதிப்பு பொருந்தாமல் அது ஓடவே இல்லை. ஓடவில்லை என்று எச்சரிக்கும் மின்னஞ்சலாவது வந்ததா? அதையும் மின்னஞ்சல் அமைப்பு உள்ளே விடாமல் தள்ளியிருந்தது! ஆறு மணி நேரத்துக்கு முன்பு வேறு வேலைக்காகத் தற்செயலாக எடுத்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. மீட்கும் வேலையை யூடியூபில் நேரலையாகவே காட்டினார்கள்.

அதையும் தூக்கிச் சாப்பிடுவது பிக்ஸார் கதை. 1998-ல் 'டாய் ஸ்டோரி 2' தயாராகிக்கொண்டிருந்தபோது யாரோ அடித்த அழிப்புக் கட்டளையால் கதாநாயகன் வுடியின் தொப்பி போயிற்று, ஷூ போயிற்று, கடைசியில் வுடியே போனான். பேக்கப் டேப்பைப் போட்டார்கள். அதுவோ 4 ஜிபி உச்சவரம்பை எட்டியதோடு சரியாக எழுதப்படவே இல்லை! பிழையைக் குறிக்க வேண்டிய லாக் ஃபைலும் நிரம்பிய இடத்திலேயே இருந்ததால் அதிலும் ஒரு வரி ஏறவில்லை. அப்போது கேலின் சஸ்மன் என்ற தொழில்நுட்ப இயக்குநருக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. பிரசவத்துக்குப் பின் வீட்டிலிருந்தே வேலை பார்த்த அவர், வீட்டுக் கம்ப்யூட்டரில் படத்தின் நகல் வைத்திருந்தார்! அந்தக் கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றி, வால்வோ காரின் பின் சீட்டில் பத்திரமாகக் கட்டி, மெதுவாக ஓட்டிக்கொண்டு ஸ்டுடியோவுக்கு வந்து சேர்ந்தார்கள்.

இவ்வளவு பாடுபட்டு மீட்ட படத்தை பிக்ஸார் என்ன செய்தது தெரியுமா? கதை சரியில்லை என்று அதன் பெரும்பகுதியைத் தாங்களே தூக்கிப் போட்டுவிட்டு, ஒன்பதே மாதத்தில் கிட்டத்தட்ட முழுப் படத்தையும் புதிதாக எடுத்தார்கள்! 1999 நவம்பரில் தியேட்டருக்கு வந்தது அந்தப் புதுப் படம்தான்.