பின்வரிசை ஏன் இழுக்கிறது?

திருப்பாவையின் 30 பாசுரங்களில் ஆறாவது முதல் பதினைந்தாவது வரை பத்துப் பாட்டுக்கும் ஒரே வேலைதான்: பாட்டுக்கு ஆள் சேர்ப்பது. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, உள்ளே தூங்கும் தோழியைக் கெஞ்சியும் கேலி பேசியும் எழுப்புகிறார்கள் ஆயர்பாடிப் பெண்கள். பதினைந்தாவது பாட்டில், எல்லாரும் வந்தாயிற்றா என்று படுக்கையில் இருந்தபடியே கேட்கிறாள் ஒருத்தி. வெளியே வந்து நீயே எண்ணிப் பார்த்துக்கொள் என்கிறார்கள். பஜனைக் கோஷ்டி நடத்திப் பார்த்தவர்களுக்கு இந்த இடத்தில் சிரிப்பு வராமல் இருக்காது.

ஆண்டாளின் ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரில் மார்கழிப் பாட்டு இரண்டு வகை. கோயிலுக்குள் நடப்பது ஒன்று. கைத்தாளத்தோடு அரையர் செய்யும் சேவை பரம்பரைக் கலை. ஸ்ரீரங்கம், ஆழ்வார்திருநகரி போல மிகச் சில தலங்களில்தான் அது மிஞ்சியிருக்கிறது. அத்யாபகர்கள் கோஷ்டியாக நின்று பிரபந்தம் சேவிப்பதற்கும் சிறு வயது முதல் ஆசான் சொல்லச் சொல்லத் திரும்பச் சொல்லும் ‘சந்தை’ முறையில் பழகியிருக்க வேண்டும். நான் சொல்ல வந்தது தெருவில் வரும் இன்னொரு கூட்டத்தைப் பற்றி. அதில் ஜவுளிக்கடைக்காரர் இருப்பார், மில்லில் இரவு ஷிப்ட் முடித்து வந்தவர் இருப்பார், ஒன்பதாம் வகுப்புப் பையனும் அவனுடைய பாட்டியும் இருப்பார்கள். யாரும் முறையாகப் பாட்டுக் கற்றவர்கள் இல்லை. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ராஜபாளையத்தில் இப்படி ஒரு கூட்டத்தில் பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு பேசுபவர்களாகக்கூட இருக்கலாம். அதில் ஒன்றும் வியப்பில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரையும் ஆண்டாளையும் வைத்துக் கிருஷ்ணதேவராயர் எழுதிய ஆமுக்தமால்யதாவே தெலுங்குக் காவியம்தானே.

இந்தக் கூட்டத்தில் சேரச் சொன்னால் கிடைக்கும் பதில் எல்லா ஊரிலும் ஒன்றுதான். “நமக்கு எங்க அண்ணாச்சி பாட்டு வரும்? நான் வேணா கை தட்டுறேன்.”

அந்தச் சாக்கை முதலில் தீர்த்துவிடலாம். சுரம் பிரித்துக் கேட்கும் திறன் பிறவியிலேயே இல்லாதவர்கள் உண்டு. ஆனால் மிகச் சிலர். ‘பாட்டு வராது’ என்று சொல்கிற பெரும்பாலோருக்குக் காதில் கோளாறு எதுவும் கிடையாது. கனடாவின் மாண்ட்ரியலில் சிமோனே டல்லா பெல்லாவும் கூட்டாளிகளும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், பாட்டுப் பயிற்சியே இல்லாத சாதாரண ஆட்களைப் பிடித்து, ஊரில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு பாட்டைப் பாடச் சொன்னார்கள். பலர் வேகமாக ஓடினார்கள், சுரம் தவறினார்கள். அதே பாட்டை நிதானமாகப் பாட வைத்தபோது, ஒன்றிரண்டு பேரைத் தவிர மற்ற எல்லாருடைய தவறும் வெகுவாகக் குறைந்தது. ஆக, மோசமான பாடகர் என்று நாம் சொல்பவர் பெரும்பாலும் அவசரக்காரர். கோஷ்டியில் அவசரப்பட முடியாது. ஒருவர் எடுத்துக் கொடுக்கும் அடியைக் கேட்டு, அப்புறம்தான் வாங்கிப் பாட வேண்டும்.

அப்படியும் சுதி சற்று விலகும். விலகட்டும். சட்ஜமத்துக்கும் சுத்த ரிஷபத்துக்கும் இடையே உள்ள தூரத்தை ஏறத்தாழ 100 சென்ட் என்று ஒலியியலார் அளப்பார்கள். தேர்ந்த மேற்கத்திய சேர்ந்திசைக் குழுக்களில்கூட ஆளுக்கு ஆள் 10, 15 சென்ட் வித்தியாசம் இருப்பதை ஸ்வீடன் ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். 1 கட்டைச் சுதியின் சட்ஜமம் என்பது விநாடிக்கு சுமார் 131 அதிர்வு. இருவர் அதில் 15 சென்ட் விலகி நின்றால் விநாடிக்கு ஒரு தடவை ஒலி எழுந்து அடங்கும். இருவர் மட்டும் என்றால் அது உறுத்தும். இருபது பேர் என்றால் அந்த ஏற்ற இறக்கங்கள் ஒன்றோடொன்று குழம்பி, கூட்டுக் குரலுக்கே உரிய அந்தக் கனத்தைக் கொடுத்துவிடும். ஒருவரே இருபது தடவை பதிவு செய்து, சுதியை அச்சாகச் சரிசெய்து அடுக்கினால் அந்தக் கனம் வராது. கணக்கும் நம் பக்கம்தான்: தவறுகள் ஆளுக்கொரு திசையில் இருந்தால், 25 பேரின் சராசரித் தவறு ஒருவருடைய தவறில் ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கும். எல்லாரும் சேர்ந்து ஒரே திசையில் சரிந்தால் மட்டும் இந்தக் கணக்கு உதவாது. அதற்குத்தான் சுதிப்பெட்டி.

இனித் தலைப்புக்கு வருகிறேன். கோஷ்டி நடந்துகொண்டே பாடும்போது பின்வரிசை இழுக்கும். முன்னால் போகிறவர் திரும்பி முறைப்பார். பின்னால் வருகிறவர்கள் முன்வரிசைதான் ஓடுகிறது என்பார்கள். இரண்டு தரப்பும் பொய் சொல்லவில்லை.

ஒலி விநாடிக்கு சுமார் 343 மீட்டர் போகும். 20 மீட்டர் நீளத்துக்குக் கூட்டம் நடந்தால், முன்னால் எடுத்துக் கொடுப்பவரின் குரல் கடைசி ஆளின் காதுக்கு வர 58 மில்லி விநாடி ஆகும். அதைக் கேட்டு அவர் சரியாகவே பாடினாலும், அவர் குரல் முன்னவருக்குத் திரும்பி வருவதற்குள் மொத்தம் 116 மில்லி விநாடி. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கிறிஸ் சேஃப் குழுவினர் இருவரைத் தனித்தனி அறையில் உட்கார வைத்து, ஒருவர் கைதட்டலை மற்றவர் கேட்டுத் தட்டச் செய்தார்கள். இடையில் ஒலி வந்து சேரும் நேரத்தை மட்டும் கூட்டிக் குறைத்தார்கள். தாமதம் 10 மில்லி விநாடிக்கும் கீழே இருந்தபோது இருவருமே கொஞ்சம் கொஞ்சமாக ஓட ஆரம்பித்தார்கள். 25-ஐத் தாண்டியதும் தாளம் இறங்கிக்கொண்டே போனது. 25 மில்லி விநாடி என்பது ஒலிக்கு எட்டரை மீட்டர் தூரம்.

இதைத் தெரிந்துகொள்ள ஸ்டான்ஃபோர்டு போக வேண்டியதில்லை என்றும் சொல்லலாம். ஜால்ராக்காரரைக் கூட்டத்தின் நடுவே விடுங்கள். இரண்டு கோடிக்கும் தூரம் பாதியாகிவிடும், தாமதமும் 29 மில்லி விநாடிக்கு வந்துவிடும். ஜால்ராவே ஏன் என்பதற்கும் காரணம் உண்டு. அதன் ஒலி சட்டென்று தொடங்கும். மனிதக் குரலின் பெரும்பங்கு இருக்கும் அலைவரிசைக்கு மேலே கிணுகிணுக்கும். அதனால் முப்பது குரலுக்கு நடுவிலும் அது அமுங்காது. ஆர்மோனியம் முன்னால் போகலாம், மிருதங்கம் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். ஜால்ரா மட்டும் நடுவில் இருக்க வேண்டும். மூன்று மூன்று பேராக நெருங்கி நடந்தால் கூட்டத்தின் நீளமும் குறையும்.

நெருங்குவதிலும் ஒரு வினை இருக்கிறது. 1911-இல் எட்டியென் லொம்பார் என்ற பிரெஞ்சுக் காது மருத்துவர் தாம் கவனித்த ஒன்றை வெளியிட்டார்: சுற்றிலும் சத்தம் கூடினால், நாம் அறியாமலே நம் குரலும் கூடும். பக்கத்து ஆள் ஓங்கிப் பாடினால் நம் குரல் நமக்குக் கேட்காது, நாமும் ஓங்குவோம், அவரும் விடமாட்டார். பத்தாம் நாள் இருவருக்கும் தொண்டை கட்டும். ஸ்டாக்ஹோம் தொழில்நுட்பக் கழகத்தின் ஸ்டென் தெர்ன்ஸ்ட்ரோம் சேர்ந்திசைப் பாடகர்களிடம் சோதித்தபோது, தங்கள் குரல் மற்றவர்கள் குரலைவிடச் சராசரியாக 6 டெசிபெல் கூடுதலாகத் தங்கள் காதில் விழுவதையே அவர்கள் விரும்பினார்கள். அதற்குச் சற்று இடைவெளி விட்டு நிற்பது உதவும். நாட்டுப்புறப் பாடகர்கள் ஒரு கையைக் காதோரம் குவித்துக்கொள்வதும் இதே கணக்குதான்.

ஓங்கிப் பாடி ஆகப்போவதும் பெரிதாக ஒன்றுமில்லை. பத்துப் பேர் சேர்ந்து பாடினால் ஒலி ஒருவர் பாடுவதைவிட 10 டெசிபெல் கூடும். காதுக்கு அது இரண்டு மடங்காகத்தான் தோன்றும்.

மூச்சு விஷயம் இன்னும் சுவையானது. மூச்சை இழுக்கும்போது இதயம் சற்று வேகமாகவும், விடும்போது சற்று நிதானமாகவும் துடிக்கும். பாடுவது என்றால் சட்டென்று இழுத்து நீளமாக விடுவதுதான். இத்தாலியின் லூச்சியானோ பெர்னார்தி 2001-இல் லத்தீன் ஜெபமாலையையும் ஒரு மந்திரத்தையும் சொல்லச் சொல்லி அளந்தார். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு 6 என்ற அளவுக்கு இறங்கி நின்றது. இதய, ரத்த ஓட்டத் தாளங்கள் தம்மில் ஒத்துப்போவதற்கு வசதியான வேகம் அது. 2013-இல் ஸ்வீடனின் யோத்தெபொரி பல்கலைக்கழகத்தில் பியோர்ன் விக்ஹோஃப் குழு, 18 வயது மாணவர்களை முனகவும், ஒரு பாட்டுப் பாடவும், மெதுவான மந்திரம் ஒன்றைச் சொல்லவும் வைத்தது. மந்திரத்தின் அடி முடிவில் மட்டும் மூச்சு வாங்கியபோது, எல்லாருடைய இதய வேகமும் சேர்ந்து ஏறிச் சேர்ந்து இறங்கியது. ‘இதயங்கள் ஒன்றாகத் துடிக்கின்றன’ என்று செய்திகள் இதைப் பெரிதாக்கிவிட்டன. துடிப்பு அவரவருடையதுதான், வேகம் கூடுவதும் குறைவதும்தான் ஒன்றாக நடந்தது.

பாசுரங்கள் எட்டடி எட்டடியாக இருக்கின்றன. அடி முடிவில் மூச்சு வாங்கினால் விக்ஹோஃப் சொன்னது நடக்கும். ஆனால் ஒவ்வொரு அடிக்கும் பின் ஒலி அறுந்து தொடரும். இன்னொரு வழி, ஆளுக்கொரு இடத்தில் மாறி மாறி வாங்குவது. பஞ்சின் இழை மூன்று சென்டிமீட்டர் அளவுதான். ஒன்றின் மேல் ஒன்று ஏறி முறுக்கிக்கொண்டால் கிலோமீட்டர் நூலாகிறது என்பது ராஜபாளையம் மில்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மூச்சும் அப்படி ஏறிக்கொண்டால் பாட்டு அறாது. என்னைக் கேட்டால் வாங்கிப் பாடும் பாட்டுக்கு முதல் வழி, சேர்ந்து சேவிக்கும்போது இரண்டாவது.

கூடிப் பாடினால் எச்சிலில் நோய் எதிர்ப்புப் புரதம் கூடுகிறது என்று 2004-இல் ஒரு ஜெர்மன் ஆய்வு வந்தது. ஒரே குழுவிடம் எடுத்த அளவு அது. அதை நம்பிக் கஷாயத்தை விட்டுவிட வேண்டாம். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்டது. முன்பின் அறியாத பெரியவர்களைப் பாட்டு வகுப்பிலும், கைவினை, எழுத்து வகுப்புகளிலும் ஏழு மாதம் கவனித்தார்கள். கடைசியில் எல்லா வகுப்பிலும் நட்பு ஒரே அளவுதான். ஆனால் பாட்டு வகுப்பில் அது முதல் மாதத்திலேயே வந்துவிட்டது. மார்கழிக்கு இருப்பதும் ஏறக்குறைய ஒரு மாதம்தான்.

ஆணும் பெண்ணும் சேர்ந்து பாடும் இடத்தில் மட்டும் அறிவியல் கொஞ்சம் கை பிசைகிறது. ஆண்களுக்கு 1 கட்டை வசதி. பெண்களுக்கு 5 கட்டை. ஒன்றின் சட்ஜமம் 131 அதிர்வு, மற்றதன் சட்ஜமம் 196. ஆண்கள் சுதியில் பாடினால் பெண்கள் மேலே போய்க் கீச்சிடுவார்கள். பெண்கள் சுதியில் ஆண்களுக்குத் தொண்டை கிழியும். பாளையங்கோட்டை வட்டாரத் தேவாலயங்களின் பாடகர் குழுக்கள் நான்கு குரலாகப் பிரித்து இதைத் தீர்த்துக்கொண்டன. இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை வைத்து, பாரதி பாட்டுக்கும் அந்த வழியைத் திறந்துவிட்டார். தெருக் கோஷ்டிக்கு அவ்வளவு ஒத்திகை நடக்காது. ஆனால் 1 கட்டையின் பஞ்சமம்தான் 5 கட்டையின் சட்ஜமம். பெட்டியை 1 கட்டையில் சட்ஜம பஞ்சமமாக ஊத விட்டு, ஒரு பாசுரம் ஆண்கள் தங்கள் சட்ஜமத்திலும் அடுத்தது பெண்கள் அந்தப் பஞ்சமத்தையே சட்ஜமமாக வைத்தும் எடுக்கலாம். பெட்டியைத் தொடவே வேண்டாம்.

மைக்செட்டைப் பற்றி எனக்குக் கோபம் உண்டு. மார்கழி விடியலில் வானம் தெளிந்திருந்தால் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, மேல்காற்று சூடாக இருக்கும். வெப்பக் காற்றில் ஒலி வேகமாகப் போவதால், மேலே எழும் குரல் வளைந்து மீண்டும் தரைக்கே இறங்கும். பகலில் இரண்டு தெரு தாண்டாத பாட்டு, விடியலில் ஊர் எல்லை வரை கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த நேரத்தில் எதற்குக் கூம்பு ஒலிபெருக்கி? இரவு 10 மணி முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளும் சொல்கின்றன. சட்டத்தை விடுங்கள், ஒருவர் கைக்கு மைக் போனதும் மற்ற இருபது பேருக்குத் தங்கள் குரல் தங்களுக்கே கேட்காது. பாதிப் பேர் வாயசைப்பார்கள், மீதிப் பேர் கத்துவார்கள். ஒரு நாள் மைக்கை அணைத்துவிட்டு ஒரு பாசுரம் எடுத்துப் பாருங்கள். முதல் இரண்டு அடி தடுமாறும். மூன்றாவது அடியில், ஜால்ராக்காரர் எங்கே நிற்கிறார் என்று எல்லாரும் தேட ஆரம்பிப்பார்கள்.