கிணற்றுப் பங்கும் கணிப்பொறி உரிமமும்

எப்போதும்வென்றான் பக்கம் கரிசல் காட்டில், கிணற்றுப் பாசனமுள்ள தோட்டம் ஒன்றை நீங்கள் விலைக்கு வாங்குவதாக வைத்துக்கொள்வோம். கிணறு நான்கு பேருக்குப் பொது. கிரயப் பத்திரத்தில் நான்கு எல்லைகளையும் எழுதிய பிறகு, கிணற்றில் நாலில் ஒரு பங்கு பாத்தியமும், முறைப்படி தண்ணீர் இறைத்துக்கொள்ளும் பாத்தியமும் சேர்த்து எழுதப்பட்டிருக்கும். தண்ணீருக்கெனத் தனி விலை இல்லை. அது நிலத்தோடு வருகிறது. ஆனால், வேறோர் ஊரிலுள்ள உங்கள் புஞ்சைக்கு அந்தப் பாத்தியத்தைக் கொண்டுபோக முடியாது. முறை நாளைத் தாண்டி இறைக்கவும் முடியாது.

பழைய யூனிக்ஸ் கணிப்பொறிகளுடன் சேர்ந்து வந்த மென்பொருள் உரிமமும் ஏறக்குறைய இத்தகையதே. ஓர் அலுவலகம் கழித்துவிட்ட யூனிக்ஸ் கணிப்பொறி, ஏலத்திலோ நன்கொடையாகவோ உங்கள் கல்லூரிக்கு வருகிறது. எந்திரம் கல்லூரியுடையது. அதனுள் இருக்கும் மென்பொருளும் கல்லூரியுடையதுதானா?

சேர்த்துக் கொடுத்தது ஏன்?

தொடக்கக் காலத்தில் கணிப்பொறியின் விலைக்குள்ளேயே அதன் நிரல்களும் அடங்கியிருந்தன. 1969 ஜூன் 23 அன்று ஐ.பி.எம். நிறுவனம் தன் நிரல்கள் பலவற்றுக்குத் தனி விலை வைக்கப்போவதாக அறிவித்தது. மென்பொருள் தனிச் சரக்கானது.

அதே ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் யூனிக்ஸ் உருவாகத் தொடங்கியது. அதன் உரிமையாளரான ஏ.டி. அண்டு டி. ஒரு தொலைபேசி நிறுவனம். 1956-ஆம் ஆண்டு நீதிமன்ற உடன்பாட்டின்படி அது வேறு வாணிபத்தில் இறங்க இயலாது. ஆகவே பல்கலைக்கழகங்களுக்கு யூனிக்ஸ் மிகக் குறைந்த கட்டணத்தில் கிடைத்தது. 1984-இல் அந்நிறுவனம் பிரிக்கப்பட்டபோது இந்தத் தடை நீங்கியது. யூனிக்ஸ் முழு வாணிபப் பொருளாயிற்று. சன், எச்.பி. போன்ற நிறுவனங்கள் அதனிடம் உரிமம் பெற்று, யூனிக்ஸைத் தம் எந்திரங்களுக்கு ஏற்ப மாற்றி, எந்திரத்துடன் சேர்த்து விற்றன. எனவே வாங்கியவர் கையிலிருப்பது ஒரு வகையில் உள்குத்தகையே எனலாம்.

நம் நாட்டை விட்டு ஐ.பி.எம். 1978-இல் வெளியேறியது. வங்கிகளை எந்திரமயமாக்குவது பற்றி ரங்கராஜன் குழு 1984-இல் அறிக்கை அளித்தது. அதன்பின் வங்கிகளில் யூனிக்ஸ் பரவலாயிற்று.

உரிமத்தில் என்ன பார்ப்பது?

முதலாவது, எத்தனை பேர்? எச்.பி.யின் யூனிக்ஸ் இரண்டு பேருக்கு, பதினாறு பேருக்கு, அளவின்றி எனப் பல படிகளில் விற்கப்பட்டது. இது கிணற்றின் முறை நாளைப் போன்றது.

இரண்டாவது, எந்த எந்திரம்? சேர்ந்து வந்த உரிமம் பெரும்பாலும் அந்த எந்திரத்தில் மட்டுமே செல்லும்.

மூன்றாவது, எது சேரவில்லை? சன் நிறுவனத்தின் பழைய யூனிக்ஸில் சி மொழித் தொகுப்பி உடன் வந்தது. 1992-இல் வந்த சோலாரிஸ் 2-இல் அதைத் தனியே விலை கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று. கிணற்றில் பங்கு உண்டு. மோட்டார் உங்கள் செலவு!

மின்கலம் தீர்ந்தால்?

சன் நிறுவனத்தின் ஸ்பார்க் எந்திரங்களில் ஒரு சிறு சில்லு உண்டு. எந்திரத்தின் அடையாள எண் அதில்தான் இருந்தது. அச்சில்லுக்குள்ளேயே ஒரு மின்கலம் அடைக்கப்பட்டிருக்கும். ஏறத்தாழப் பத்தாண்டில் அது தீர்ந்துவிட்டால் எண்ணும் மறைந்துவிடும். யூனிக்ஸ் ஓடக்கூடும், ஆனால் அந்த எண்ணைப் பார்த்துத் திறக்கும் தனி உரிமப் பொருள்கள் திறக்க மறுத்துவிடும். கணக்குகள் வட்டில் அப்படியே இருக்கும். அவற்றைப் படிக்கும் நிரல்தான் ஓடாது. பல்லாண்டுப் பதிவுகள் பூட்டிய பெட்டிக்குள் கிடப்பது போலத்தான்.

ஆகவே எந்திரம் நல்ல நிலையில் இருக்கும்போதே மூன்று காரியங்களைச் செய்துவிடுங்கள். அடையாள எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள். புதிய சில்லு மாட்டினால் அதைத் திரும்பப் பதிக்கலாம். உரிமச் சீட்டு, திறப்பு எண்கள், மூல நாடாக்கள், குறுந்தட்டுகள் ஆகியவற்றை எந்திரத்துடன் சேர்த்துக் கேட்டு வாங்குங்கள். உரிமத்தைக் கைமாற்ற அனுமதி உண்டா என்பதையும் அதில் பாருங்கள். முக்கியமாக, பதிவுகளை எந்த எந்திரமும் படிக்கும் எளிய எழுத்துக் கோப்புகளாக எடுத்து வையுங்கள்.

சட்டமும் ஓரளவு துணை நிற்கிறது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994-இல் செய்த திருத்தத்தின்படி, நிரலின் பிரதியை முறைப்படி வைத்திருப்பவர் இழப்புக்கும் சேதத்துக்கும் எதிரான காப்பாக நகல் எடுத்துக்கொள்ளலாம். "முறைப்படி" என்ற சொல்லைக் கவனியுங்கள். உரிமச் சீட்டைத் தொலைத்தவர் அதை மெய்ப்பிப்பது கடினம்.

லினக்ஸ் 1991-இல் பிறந்தது. அதற்கும் உரிமம் உண்டு, நிபந்தனைகளும் உண்டு. ஆனால் அது எந்த எந்திரத்தோடும் கட்டப்பட்டதன்று. எத்தனை எந்திரத்திலும் ஏற்றலாம், பிறருக்கும் கொடுக்கலாம்.

நிலம் வாங்குமுன் பத்திரத்தைப் படித்துப் பார்ப்பது நம் ஊர் வழக்கம். கணிப்பொறிக்கும் அது பொருந்தும். எந்திரம் உங்களுடையது. பதிவுகளும் உங்களுடையவை. இடையிலுள்ள மென்பொருள் யாருடையது என்பதைச் சொல்வது அந்த ஒரு தாளே.