பெயர்த்த தார்ப்பாதை குப்பையா?

அமெரிக்காவில் பல வீடுகளில் தெருவிலிருந்து கார் கொட்டகை வரை தார்ப்பாதை போட்டிருப்பார்கள். அது பழையதாகி வெடித்துவிட்டால் பெயர்த்தெடுக்க வேண்டியதுதான். ஆனால் பெயர்ப்பதைவிட அள்ளி அகற்றுவதே பெரிய வேலை. ஏன்? நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.

பாதையின் நீளம் 12 மீட்டர், அகலம் 3 மீட்டர், கனம் 8 சென்டிமீட்டர் என்று கொள்வோம். பருமன் 2.88 கன மீட்டர். ஒரு கன மீட்டர் தார்க்கலவை ஏறத்தாழ 2.3 டன் இருக்கும். ஆகவே மொத்த எடை சுமார் 6.6 டன்! லாரியில் பாதி இடம் காலியாக இருக்கும்போதே அது தாங்கும் எடையை எட்டிவிடக்கூடும். மேலும் ஏற்றினால் அச்சும் பிரேக்கும் என்னவாகும்? எனவே இடத்தைப் பார்த்து அல்ல, எடையைப் பார்த்தே ஏற்றவேண்டும்.

சரி, இத்தனை டன்னும் குப்பைதானா? இல்லை. இதில் பெரும்பகுதி ஜல்லியும் மணலும். அவற்றை ஒட்டவைப்பது சுமார் 5 சதவீதம் பிட்டுமன். பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் இதைத்தான் பேச்சுவழக்கில் தார் என்கிறோம். மெழுகைப்போல் இது சூட்டில் இளகும், ஆறினால் இறுகும். சிமெண்டோ நீருடன் வேதிவினை புரிந்து இறுகுவது. சூடாக்கினால் மீண்டும் குழையாது.

ஆகவே பெயர்த்த தார்க்கட்டிகளை நொறுக்கி, புதிய ஜல்லியும் பிட்டுமனும் சேர்த்து, சுமார் 150 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கினால் மறுபடியும் சாலை போடலாம். ஆனால் களிமண் கலந்துவிட்டால் பிட்டுமன் ஜல்லியில் சரியாக ஒட்டாது. ஆதலால் தார்க்கட்டி, மண், கான்கிரீட் மூன்றையும் தனித்தனியே அள்ளவேண்டும். கலந்தால் குப்பை, பிரித்தால் சாலை!