பட்ஜெட்டிலே சொன்ன பணம் எப்போ கைக்கு வரும்?

சட்டசபை கூடின முதல் வாரத்தில் மந்திரி பட்ஜெட் வாசித்ததுமே, "மானியம் வந்துட்டுதா?" என்று வேளாண்மை விரிவாக்க மையத்தில் போய் நிற்பவர்கள் நம்மில் உண்டு. அதற்குள் வராதுங்க.

2021 ஆகஸ்ட் 13-ஆம் தேதி தமிழ்நாட்டில் திருத்திய பொது பட்ஜெட் வந்தது. மறுநாள் வேளாண்மை மந்திரி எம்.ஆர்.கே. பன்னீர்செல்வம், விவசாயத்துக்கென்று தனி பட்ஜெட் வாசித்தார். நம் மாநிலத்தில் அதுதான் முதல் தடவை. சுமார் 34,220 கோடி ரூபாய். ஆனால் அது தனிக் கஜானா அல்ல. பல இலாகாக்களில் சிதறிக் கிடந்த விவசாயச் செலவை ஒரே களத்தில் கொட்டிக் காட்டின மாதிரி. பம்புசெட்டு இலவச மின்சாரத்துக்கான 4,508 கோடியும் அதற்குள்ளேதான். முழுத் தொகையும் புதுசு என்று எண்ணிவிடக் கூடாது.

வாசிப்பது அறிவிப்பு மட்டும். அப்புறம் இலாகாவாரியாக மானியக் கோரிக்கை வைத்து, விவாதித்து, ஓட்டெடுக்க வேண்டும். இந்த 'மானியம்' நம்ம சொட்டுநீர் மானியம் இல்லீங்க; இலாகா செலவுக்குச் சபை தருகிற அனுமதி. பிறகு நிதி ஒதுக்க மசோதா நிறைவேறினால்தான் கஜானா திறக்கும். அதற்கும் பின்னால் அரசாணை, மாவட்ட ஒதுக்கீடு.

ஏரி மதகு, உலர்களம் என்று ஊருக்கு ஏதாவது கேட்பதானால், கோரிக்கை விவாதத்துக்கு முன்னாலேயே எம்.எல்.ஏ.விடம் மனு கொடுங்கள். சபையில் அவர் பேசத் தோதான நேரம் அதுதான். தனிப்பட்ட மானியத்துக்கு சிட்டா, அடங்கல், ஆதார் நகல், பாங்கு பாஸ்புத்தகம் இப்போதே எடுத்து வையுங்கள். அரசாணை வந்தபின் அடங்கலுக்கு அலைந்தால், அதற்குள் ஒதுக்கீடு தீர்ந்துபோகலாம்.