குதிகாலா? முன்பாதமா?

நடப்பதையும் ஓடுவதையும் யாரும் நமக்குப் பாடமாகக் கற்றுத் தருவதில்லை. தவழ்ந்த குழந்தை எழுந்து நிற்கிறது. நின்ற குழந்தை நடக்கிறது. நடந்த குழந்தை ஒருநாள் தாயின் கைக்கு எட்டாமல் ஓடுகிறது. தானாகவே வந்துவிடும் இச்செயலில் ஆராய்வதற்கு என்ன இருக்கிறது என்று நாம் எண்ணலாம். ஆனால், "ஓடும்போது உன் பாதத்தின் எந்தப் பகுதி முதலில் தரையைத் தொடுகிறது?" என்று திடீரெனக் கேட்டால், நம்மில் பலர் விழிப்போம். இந்தச் சிறு கேள்விக்கு விடை காணவே விஞ்ஞானிகள் விரைவு காமிராக்களுடன் ஓட்டப் பாதையோரம் காத்திருந்திருக்கிறார்கள்.

இக்கேள்வி நமக்கும் தேவையான ஒன்றே. விலையுயர்ந்த ஷூ இல்லையே என்று ஓட்டப் பந்தயத்திற்குப் பெயர் கொடுக்கத் தயங்கும் மாணவியர் உண்டு. வெறுங்காலோடு ஓடினால் பிள்ளையின் கால் கெட்டுவிடுமோ என்று அஞ்சும் பெற்றோர் உண்டு. "குதிகால் தரையில் படவே கூடாது" என்று யாரோ சொல்லக் கேட்டு, ஒரே நாளில் ஓடும் முறையை மாற்றிக்கொண்டு, மறுநாள் கெண்டைக்கால் வலியுடன் நொண்டுவோரும் உண்டு. இம்மூவரும் உண்மையை அறிந்துகொள்வது நல்லது.

மூன்று வகை

ஓடுவோரின் பாதம் தரையில் இறங்கும் விதத்தை மூன்றாகப் பிரிக்கலாம். குதிகால் முதலில் பட்டு, பின்னர் பாதம் முழுவதும் படிவது முதல் வகை. குதிகாலும் பாதத்தின் முன்பகுதியும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் படுவது இரண்டாம் வகை. இதனை நடுப்பாத இறக்கம் எனலாம். விரல்களுக்குச் சற்றுப் பின்னால் உள்ள சதைப்பற்றான முன்பகுதி முதலில் பட்டு, அதன்பின் குதிகால் மெல்ல இறங்குவது மூன்றாம் வகை.

நூறு மீட்டர் ஓடுபவர்கள் பெரும்பாலும் முன்பாதத்திலேயே பறப்பதை நாம் காண்கிறோம். நடக்கும்போதோ நாம் எல்லாரும் குதிகாலைத்தான் முதலில் ஊன்றுகிறோம். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நெடுந்தூர ஓட்டத்தில் எது சரி என்பதில்தான் வழக்கே எழுந்தது.

பாதம் என்னும் அற்புதம்

ஒரு பாதத்தில் 26 எலும்புகள் உள்ளன. அவற்றை இணைக்கும் மூட்டுகள் 33. உள்ளங்காலின் நடுவே பாலம்போல் அமைந்துள்ள வளைவு, எடை ஏறும்போது சற்றுத் தாழ்ந்து, எடை நீங்கும்போது மீண்டும் எழும்புகிறது. குதிகாலுக்கு மேலே உள்ள தடித்த தசைநாரும் ரப்பரைப்போல நீண்டு சுருங்குகிறது. இறங்கும்போது சேமித்த விசையை எழும்பும்போது திருப்பித் தரும் இவை, இறைவன் நம் காலிலேயே வைத்துத் தந்த சுருள்வில்கள் ஆகும்.

இவற்றின் வேலை சிறியதன்று. ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் தரை நம் காலை நம் உடல் எடையைப்போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு விசையுடன் எதிர்த்துத் தள்ளுகிறது. 40 கிலோ எடையுள்ள மாணவி ஓடினால், அவளது ஒற்றைக் கால் 100 கிலோ எடையைத் தாங்குவதற்கு ஒப்பாகும். நிமிடத்திற்கு 180 அடிகள் வீதம் 2 மணி 10 நிமிடங்களில் மாரத்தானை முடிக்கும் வீரர் 23,000க்கும் மேற்பட்ட அடிகள் வைக்கிறார். அப்படியானால் ஓர் அடி எவ்வாறு விழுகிறது என்பது சின்ன விஷயமா?

வெறுங்கால் வெற்றிகள்

1960ஆம் ஆண்டு ரோமாபுரியில் ஒலிம்பிக் பந்தயங்கள் நடைபெற்றன. அங்கு 42.195 கிலோமீட்டர் மாரத்தான் ஓட்டத்தில் எத்தியோப்பிய நாட்டுப் படைவீரர் அபெபே பிகிலா காலணியின்றி ஓடினார். பழைமையான அப்பிய நெடுஞ்சாலை வழியாக, தீப்பந்தங்களின் ஒளியில் ஓடி வந்து, 2 மணி 15 நிமிடம் 16 நொடியில் தங்கப் பதக்கம் வென்றார். நான்கு ஆண்டுகள் கழித்து டோக்கியோவில் அதே ஓட்டத்தை அவர் மீண்டும் வென்றார். இம்முறை காலணி அணிந்து 2 மணி 12 நிமிடம் 12 நொடியில் ஓடினார். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் அவருக்குக் குடல்வால் அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது!

நம் பாரத நாட்டின் சிவநாத் சிங்கும் வெறுங்காலோடு ஓடிப் பெயர் பெற்றவரே. 1976ஆம் ஆண்டு மாண்ட்ரியல் ஒலிம்பிக் மாரத்தானில் அவர் 11ஆவது இடத்தைப் பெற்றார். 1978இல் ஜலந்தரில் அவர் ஓடி முடித்த 2 மணி 12 நிமிடம் என்ற நேரம், பல பத்தாண்டுகள் இந்தியச் சாதனையாக நிலைத்திருந்தது. பெண்களில் தென்னாப்பிரிக்காவில் பிறந்த ஜோலா பட் வெறுங்காலோடு ஓடி உலகை வியக்கச் செய்தார். 1985, 1986 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் உலக நாடுகடந்த ஓட்டப் போட்டியில் அவரே முதலிடம் பெற்றார்.

இவர்களைக் கண்டபின், "காலணியே தேவையில்லை போலும்" என்று சிலர் எண்ணத் தொடங்கினர். 2010ஆம் ஆண்டு அவ்வெண்ணத்துக்கு வலு சேர்ந்தது. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டானியல் லீபர்மன் தம் குழுவினருடன் கென்யாவிலும் அமெரிக்காவிலும் ஓடுவோரை ஆராய்ந்து, தம் முடிவுகளை 'நேச்சர்' இதழில் வெளியிட்டார். வெறுங்காலோடு ஓடிப் பழகியவர்கள் பெரும்பாலும் முன்பாதத்திலும், மெத்தை வைத்த காலணியில் பழகியவர்கள் பெரும்பாலும் குதிகாலிலும் இறங்கினார்கள். வெறுங்குதிகால் தரையில் மோதும்போது, சுத்தியலால் தட்டியது போன்ற ஒரு திடீர் அதிர்ச்சி கால் வழியே மேலேறுகிறது. முன்பாதத்தில் இறங்கும்போது கணுக்கால் மடங்கிக் கொடுப்பதால் அந்த அதிர்ச்சி ஏறக்குறைய இல்லாமல் போகிறது.

இதைப் படித்த பலர், "முன்பாதமே சரி, குதிகால் தவறு" என்று தீர்ப்பே எழுதிவிட்டனர். ஆனால், உலகின் சிறந்த வீரர்கள் உண்மையில் எப்படி ஓடுகிறார்கள்?

காமிரா கண்ட உண்மை

2004ஆம் ஆண்டு ஜப்பானில் சப்போரோ நகரில் நடந்த சர்வதேச அரை மாரத்தானில், 15 கிலோமீட்டர் தொலைவில் விரைவு காமிரா ஒன்றை வைத்து, 283 பேரின் பாதங்களை ஹாசெகாவா என்ற ஆய்வாளரும் அவருடைய தோழர்களும் ஆராய்ந்தனர். அவர்களில் 100க்கு 75 பேர் குதிகாலில் இறங்கினார்கள்! 100க்கு 24 பேர் நடுப்பாதத்தில் இறங்கினார்கள். முன்பாதத்தில் இறங்கியவர்கள் மொத்தத்தில் நால்வரே.

இதில் இன்னொரு செய்தியும் இருந்தது. முன்னணியில் சென்ற 50 பேரை மட்டும் எடுத்துக்கொண்டால், குதிகாலில் இறங்கியவர்கள் 100க்கு 62ஆகக் குறைந்து, நடுப்பாதத்தில் இறங்கியவர்கள் 36ஆக உயர்ந்தனர். குதிகாலில் இறங்கியவர்களின் பாதம் தரையில் சுமார் 0.20 நொடி தங்கியது. நடுப்பாதத்தில் இறங்கியவர்களின் பாதம் சுமார் 0.18 நொடியில் எழும்பிவிட்டது.

"அப்படியானால் நடுப்பாதம்தானே வேகத்தின் இரகசியம்?" என்று கேட்கத் தோன்றும். அவசரப்படாமல் இன்னோர் ஆராய்ச்சியையும் பார்ப்போம். 2017ஆம் ஆண்டு இலண்டனில் நடந்த உலகத் தடகளப் போட்டியின் மாரத்தானில், 71 ஆண்களும் 78 பெண்களும் ஓடியதைப் படம் பிடித்து ஆராய்ந்தனர். எந்தக் கட்டத்திலும் ஆண்களில் 100க்கு 54 பேருக்குக் குறையாமலும், பெண்களில் 67 பேருக்குக் குறையாமலும் குதிகாலிலேயே இறங்கினார்கள். முன்பாதியில் முடித்தவர்களுக்கும் பின்பாதியில் முடித்தவர்களுக்கும் இவ்விஷயத்தில் வேறுபாடே காணப்படவில்லை.

வெறுங்காலோடு வாழ்பவர்கள் எல்லாரும் முன்பாதத்தில்தான் ஓடுவார்கள் என்ற கருத்தும் நிலைக்கவில்லை. வட கென்யாவில் வாழும் தாசனச் மக்கள் காலணியின்றியே வளர்பவர்கள். அவர்களில் 38 பேரைப் பற்றிய ஆய்வு 2013இல் வெளிவந்தது. தங்களுக்கு இயல்பான வேகத்தில் ஓடியபோது அவர்களில் பெரும்பாலோர் குதிகாலிலேயே இறங்கினார்கள். வேகத்தைக் கூட்டியபோதுதான் நடுப்பாதத்திற்கும் முன்பாதத்திற்கும் மாறினார்கள்.

இப்போது முடிச்சு அவிழ்கிறது. முன்பாதத்தில் இறங்குவதால் வேகம் வருகிறது என்பதைவிட, வேகம் வரும்போது பாதம் தானே முன்னோக்கி இறங்குகிறது என்பதே பொருத்தம். களைப்பு வரும்போது இதற்கு எதிர்மாறாக நடக்கிறது. 2009ஆம் ஆண்டு அமெரிக்காவின் மான்செஸ்டர் நகர மாரத்தானில் ஓடிய சாதாரண மக்களைப் பார்த்தபோது, 10ஆவது கிலோமீட்டரைவிட 32ஆவது கிலோமீட்டரில் குதிகாலில் இறங்கியவர்கள் அதிகமாக இருந்தனர்.

வலி எங்கே போகிறது?

ஓடும் விசையை யாரும் மாயமாக மறைத்துவிட முடியாது. ஓரிடத்தில் குறைத்தால் அது வேறோர் இடத்தில் ஏறும். குதிகாலில் இறங்குபவருக்கு முழங்காலின் மேல் சுமை கூடுகிறது. முன்பாதத்தில் இறங்குபவருக்கு முழங்கால் சற்று இளைப்பாறுகிறது. ஆனால் கெண்டைக்கால் சதையும் குதிகால் தசைநாரும் அதிகம் உழைக்கின்றன. ஹார்வர்டு பல்கலைக்கழக அணியினர் 52 பேரைப் பற்றி 2012இல் வெளிவந்த ஆய்வில், குதிகாலில் ஓடியவர்களுக்கு மீண்டும் மீண்டும் வரும் காயங்கள் ஏறக்குறைய இரு மடங்கு இருந்தன. அது ஒரே அணியைப் பற்றிய செய்தி. அதைக் கொண்டு உலகத்தார் அனைவருக்கும் சட்டம் இயற்றிவிட முடியாது.

குதிகாலா, முன்பாதமா என்பதைவிட முக்கியமான ஒன்று உண்டு. காலை உடலுக்கு வெகு தூரம் முன்னால் நீட்டி ஊன்றுவதே அது. அப்படி ஊன்றும் ஒவ்வோர் அடியும் வண்டிக்குப் பிரேக் போடுவது போலாகும். ஓட்டமும் தடைப்படும், முழங்காலும் அடிபடும். அடியைச் சற்றுச் சுருக்கி, எண்ணிக்கையைச் சற்றுக் கூட்டி, பாதம் உடலுக்கு அருகிலேயே இறங்கும்படி ஓடினால், பாதம் எந்த வகையில் இறங்கினாலும் அதிர்ச்சி குறையும்.

மலையூர்ப் பள்ளி ஒன்று

கென்யா நாட்டில் இட்டன் என்ற மலையூரில் புனித பத்திரிசியார் உயர்நிலைப் பள்ளி இருக்கிறது. அயர்லாந்திலிருந்து 1976ஆம் ஆண்டு பூகோள ஆசிரியராக அங்கு வந்து சேர்ந்தார் பத்திரிசிய சபைத் துறவி சகோதரர் கோல்ம் ஓகானல். தடகளப் பயிற்சியில் எந்தப் பட்டமும் பெறாத அவர், மாணவர் ஓடுவதைப் பொறுமையாகப் பார்த்துப் பார்த்தே பயிற்சியாளர் ஆனார். அவருடைய மாணவர் பீட்டர் ரோனோ 1988இல் சியோல் ஒலிம்பிக்கில் 1500 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். அவரிடம் பயின்ற டேவிட் ருடிஷா 2012இல் இலண்டனில் 800 மீட்டரில் உலக சாதனையுடன் தங்கம் வென்றார். பெண் பிள்ளைகளுக்கும் அவர் பயிற்சி தந்தார். அவர்களில் ஜேனத் ஜெப்கோஸ்கெய் 2007இல் 800 மீட்டர் உலக வெற்றியாளர் ஆனார். பொறுமையும் உற்று நோக்கும் கண்ணும் இருந்தால், ஓர் எளிய பள்ளித் திடலிலிருந்தும் உலக வீரர்கள் எழ முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பெண்களுக்கு நெடுந்தூர ஓட்டம் ஆகாது என்று ஒரு காலத்தில் எண்ணினார்கள் என்பதையும் நாம் மறக்கலாகாது. 1928க்குப் பின் 1960 வரை ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 800 மீட்டர் ஓட்டமே இல்லை. பெண்களுக்கான முதல் ஒலிம்பிக் மாரத்தான் 1984இல்தான் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் நடந்தது. அதை அமெரிக்கப் பெண்மணி ஜோன் பெனாய்ட் 2 மணி 24 நிமிடம் 52 நொடியில் வென்றார். நாட்டுத் தேர்வு ஓட்டத்திற்கு 17 நாள் முன்னதாக அவருக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது.

நாம் செய்யத் தக்கவை

வலியின்றி ஓடும் மாணவி, பாதம் இறங்கும் முறையை மாற்ற வேண்டியதில்லை. மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால், உடற்பயிற்சி ஆசிரியையின் பார்வையில், வாரக் கணக்கில் சிறிது சிறிதாக மாற்ற வேண்டும். சதையும் தசைநாரும் புது வேலைக்குப் பழக நாளாகும். ஓடிய மறுநாளும் ஒரே இடத்தில் வலி நீடித்தால், அதை மறைக்காமல் ஆசிரியையிடமும் வீட்டிலும் சொல்ல வேண்டும். வலியை மறைப்பது வீரம் ஆகாது.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. புல் தரையிலும் கல்லும் கண்ணாடியும் இல்லாத மண் திடலிலும், வெயில் ஏறுமுன், வெறுங்காலோடு சிறிது தூரம் ஓடுவதற்கு அஞ்ச வேண்டாம். தார்ச் சாலையில் நெடுந்தூரம் ஓடுவதற்குக் காலணி நல்லது. அது காலுக்குப் பொருந்தி, விரல்களை நெருக்காமல் இருந்தால் போதும். பொருந்தாத உயர்ந்த விலை ஷூவைவிடப் பொருந்தும் கான்வாஸ் ஷூ மேலானது. விலைச் சீட்டைப் பார்த்து எந்தப் பிள்ளையும் ஓட்டத்திலிருந்து விலக வேண்டியதில்லை.

கிறிஸ்தவ வாழ்வைப் புனித சின்னப்பர் ஓட்டப் பந்தயத்திற்கு ஒப்பிட்டதை நாம் அறிவோம். ஓடுகிறவர் எல்லாரும் ஒரே விதமாகக் கால் பதிக்க வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. இலக்கை நோக்கி ஓட வேண்டும் என்றே கேட்டார். ஆகவே, அன்புத் தோழியரே, அடுத்தவளின் பாதத்தைப் பார்த்து நம் பாதத்தைக் குறை சொல்லாமல், அடுத்த விளையாட்டு விழாவில் துணிந்து பெயர் கொடுப்போம். இறைவன் தந்த கால்களைக் கவனமாகப் பேணி, மகிழ்ச்சியோடு ஓடுவோம்!