பதினாறு வயதுக்கு எழுதப்பட்ட புத்தகங்கள்

1956-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் டிராய் என்ற சிறு நகரம். பதினாறு வயது ஜான் லூயிஸ் தன் கூடப் பிறந்தவர்களையும் உறவுக்காரப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அந்த ஊர்ப் பொது நூலகத்துக்குப் போய் உறுப்பினர் அட்டை கேட்டார். நூலகம் வெள்ளைக்காரர்களுக்கு மட்டும்தான், கறுப்பினத்தவருக்கு இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அறுபது ஆண்டுகள் கழித்து, 2016 நவம்பரில், அமெரிக்காவின் தேசியப் புத்தக விருதைப் பெற்றுக்கொண்ட மேடையில் இதைச் சொன்னபோது அவருக்குக் குரல் தழுதழுத்தது. அப்போது அவர் நாடாளுமன்ற உறுப்பினர். விருது பெற்ற நூல் 'மார்ச்' வரிசையின் மூன்றாம் புத்தகம். கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தில் தான் கண்டதையும் பட்டதையும் ஆண்ட்ரூ அய்டினோடு சேர்ந்து எழுதியிருந்தார் லூயிஸ். படம் வரைந்தவர் நேட் பவல். ஆம், அது ஒரு படக்கதை.

அடுத்த ஜனவரியில் அமெரிக்க நூலகச் சங்கம் ஒரே நாளில் அந்தப் புத்தகத்துக்கு நான்கு விருதுகளை அறிவித்தது. அவற்றில் ஒன்று மைக்கேல் எல். பிரின்ட்ஸ் விருது. பன்னிரண்டு முதல் பதினெட்டு வயது வரையிலான வாசகர்களுக்காக எழுதப்படும் நூல்களுக்கு அமெரிக்காவில் கிடைக்கும் பெரிய அங்கீகாரங்களில் ஒன்று அது.

விருதுக்குப் பெயர் தந்த பிரின்ட்ஸ் எழுத்தாளரும் அல்ல, பதிப்பாளரும் அல்ல. கான்சாஸ் மாநிலத்தின் டொபீகா நகரில் உயர்நிலைப் பள்ளி நூலகராக வேலை பார்த்தவர். எந்தப் பிள்ளைக்கு எந்தப் புத்தகம் பிடிக்கும் என்று பார்த்துப் பார்த்துக் கையில் கொடுப்பதைத் தன் வேலையாகவே வைத்திருந்தார். 1996-இல் அவர் இறந்தார். 2000-ஆம் ஆண்டு முதல் அவர் பெயரில் விருது வழங்கப்படுகிறது. ஒரு பள்ளி நூலகரின் பெயர் இலக்கிய விருது ஒன்றுக்குச் சூட்டப்பட்டிருப்பதே நம் ஊர்ப் பள்ளிகள் கவனிக்க வேண்டிய சேதி.

தேர்வு முறையும் அறிந்துகொள்ளத் தக்கது. ஒன்பது பேர் கொண்ட குழு ஆண்டு முழுவதும் படிக்கிறது. நாவல், கட்டுரை, கவிதை, தொகுப்பு என எந்த வகை நூலும் போட்டியில் இருக்கலாம். வேறு நாட்டில் முதலில் வெளிவந்த நூலும், அமெரிக்கப் பதிப்பு வந்த ஆண்டில் தகுதி பெறும். முதல் பரிசு ஒன்று; அதோடு நான்கு நூல்கள் வரை சிறப்புப் பட்டியலில் இடம்பெறலாம். விதிகளில் இரண்டு செய்திகள் அழுத்தமாகச் சொல்லப்பட்டிருக்கின்றன. புத்தகம் எவ்வளவு விற்றது என்பது அளவுகோல் இல்லை. அது என்ன நல்ல கருத்தைப் போதிக்கிறது என்பதும் அளவுகோல் இல்லை. எழுத்தின் தரம் மட்டுமே கணக்கு.

இந்த இரண்டாவது விதிதான் முக்கியம். பிள்ளைகளுக்கான புத்தகம் என்றாலே நீதி எங்கே என்று தேடுவது பெரியவர்களின் பழக்கம். பதினைந்து வயதுப் பிள்ளை அந்தத் தேடலை முதல் பக்கத்திலேயே மோப்பம் பிடித்துவிடும். பிடித்ததும் மூடி வைத்துவிடும்.

முதல் பிரின்ட்ஸ் விருதைப் பெற்ற 'மான்ஸ்டர்' நாவலையே எடுத்துக்கொள்ளலாம். எழுதியவர் வால்டர் டீன் மையர்ஸ். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் வளர்ந்து, பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு, பதினேழு வயதில் ராணுவத்தில் சேர்ந்தவர். நாவலின் நாயகன் ஸ்டீவ் ஹார்மனுக்குப் பதினாறு வயது. ஹார்லெமில் மருந்துக் கடை ஒன்றில் கொள்ளை நடக்கிறது. கடைக்காரர் சுடப்பட்டுச் சாகிறார். உள்ளே போலீஸ் இருக்கிறதா என்று முன்கூட்டியே நோட்டம் பார்த்துச் சொன்னதாக ஸ்டீவ் மீது வழக்கு. பள்ளியில் திரைப்பட வகுப்பில் படித்தவன் என்பதால், தன் வழக்கு விசாரணையையே திரைக்கதையாக எழுதுகிறான். கேமரா எங்கே இருக்கிறது, எந்த முகம் குளோசப்பில் வருகிறது என்றெல்லாம் குறிப்புகள் வருகின்றன. நடுநடுவே, சிறை அறையில் அவன் கையால் எழுதும் நாட்குறிப்பு.

அன்று அவன் நோட்டம் பார்க்கத்தான் அந்தக் கடைக்குள் போனானா? நாவல் நேரடியாகப் பதில் சொல்லவே இல்லை. திரைக்கதையில் ஒரு ஸ்டீவ், நாட்குறிப்பில் இன்னொரு ஸ்டீவ். இருவரையும் ஒப்பிட்டுப் பார்த்து வாசகரே தீர்ப்புச் சொல்ல வேண்டும். இனத்தைப் பற்றியும் நீதிமன்றத்தைப் பற்றியும் ஓர் அறிவுரை வரிகூட இல்லாமல், நடுவர் நாற்காலியில் பிள்ளையை உட்கார வைத்துவிடுகிறார் மையர்ஸ்.

டீன் ஏஜ் வாசகருக்கென்று தனியாக எழுதும் வழக்கம் மிகப் பழையது அல்ல. 1967-இல் வெளிவந்த 'தி அவுட்சைடர்ஸ்' நாவலைத்தான் பலரும் திருப்புமுனையாகச் சொல்வார்கள். ஓக்லஹாமா மாநிலத்தின் டல்ஸா நகரைச் சேர்ந்த எஸ்.இ. ஹின்டன் அதை எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது பதினைந்து. தன் வயதுப் பிள்ளைகளின் தெருச் சண்டையும் வர்க்கப் பிரிவினையும் எந்தப் புத்தகத்திலும் இல்லையே என்றுதான் எழுத உட்கார்ந்தார்.

அதே குறை பிற்பாடு வேறு வேறு வாய்களில் எழுந்தது. அதிலிருந்தே பல விருது நூல்கள் பிறந்தன. ஓக்லாந்தில் உயர்நிலைப் பள்ளி ஆசிரியராகக் கணினி அறிவியல் கற்பித்துக்கொண்டிருந்த ஜீன் லுவென் யாங், சீன வம்சாவளிப் பையன் ஒருவனின் பள்ளி அவமானங்களையும் சீனப் புராணத்தின் குரங்கு அரசன் கதையையும் பின்னி 'அமெரிக்கன் பார்ன் சைனீஸ்' வரைந்தார். 2007-இல் பிரின்ட்ஸ் விருது பெற்ற முதல் படக்கதை அதுதான். காமிக்ஸ் படித்தால் படிப்பு கெட்டுவிடும் என்று நினைப்பவர்கள் ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம்.

எலிசபெத் அசெவெடோ எட்டாம் வகுப்பு ஆசிரியராக இருந்தவர். எங்களைப் பற்றிய புத்தகம் எங்கே என்று மாணவி ஒருத்தி கேட்டதுதான் தன்னை எழுத வைத்தது என்று அவர் சொல்லியிருக்கிறார். அவருடைய 'தி போயட் எக்ஸ்' முழுக்கக் கவிதையாலேயே ஆன நாவல். டொமினிகன் குடும்பத்தில் பிறந்த பதினைந்து வயது சியோமாராவுக்கும் பக்தி மிகுந்த தாய்க்கும் இடையிலான மோதல்தான் கதை. மகள் மறைத்து மறைத்து எழுதிய கவிதை நோட்டு தாயின் கையில் சிக்குகிறது. அவள் கண் முன்னாலேயே அதைக் கொளுத்துகிறாள் தாய். தமிழ்க் குடும்பத்துப் பெண் பிள்ளைக்கு அந்த வீடு அந்நியமாக இருக்காது. அந்த நாவல் 2018-இல் தேசியப் புத்தக விருதையும் 2019-இல் பிரின்ட்ஸ் விருதையும் பெற்றது. அதே ஆண்டு பிரிட்டனின் கார்னகி பதக்கமும் கிடைத்தது. 1936-இல் தொடங்கிய அந்தப் பதக்கத்தை வெள்ளையரல்லாத எழுத்தாளர் ஒருவர் பெற்றது அதுவே முதல் முறை.

நமக்கு இன்னும் பக்கத்தில் வருவது சபா தாஹிர் எழுதிய 'ஆல் மை ரேஜ்'. பாகிஸ்தான் வம்சாவளியைச் சேர்ந்த தாஹிர், கலிஃபோர்னியாவின் மொஹாவே பாலைவனத்தில் பெற்றோர் நடத்திய சிறு விடுதியில் வளர்ந்தவர். நாவலிலும் அப்படியொரு விடுதி. நோயாளித் தாய், குடிகாரத் தகப்பன், தலைக்கு மேல் கடன். மகன் சலாஹுதீன் பள்ளியும் கடனுமாக அல்லாடுகிறான். அவன் தோழி நூர் கல்லூரிக்குப் போகத் துடிக்கிறாள். வளர்த்த சித்தப்பாவோ தன் கடையிலேயே அவள் நிற்க வேண்டும் என்கிறார். இந்த நாவலும் தேசியப் புத்தக விருது, பிரின்ட்ஸ் இரண்டையும் பெற்றது.

இந்த நூல்களுக்கு எதிர்ப்பும் உண்டு. 2006-இல் பிரின்ட்ஸ் பெற்ற ஜான் கிரீனின் 'லுக்கிங் ஃபார் அலாஸ்கா', நூலகங்களிலிருந்து நீக்கச் சொல்லி அதிகம் புகார் வந்த நூல்களின் 2015-ஆம் ஆண்டுப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. பெற்றோரின் கவலை பொய்யல்ல. குடி, காமம், மரணம் எல்லாம் இந்தப் புத்தகங்களில் வருகின்றன. ஆனால் கைபேசி வழியாக இவை அத்தனையும் பிள்ளைகளிடம் ஏற்கெனவே வந்து சேர்ந்துவிட்டன, யோசிக்க அவகாசமே தராமல். அந்த அவகாசத்தை நல்ல நாவல் தருகிறது. தவறு செய்தவன் மறுநாள் எப்படி எழுந்திருக்கிறான், அவன் அம்மா என்ன ஆகிறாள் என்பதை முந்நூறு பக்கம் கூடவே இருந்து பார்க்க வைக்கிறது.

தமிழில் என்ன நிலை? சாகித்திய அகாதமி 2010 முதல் பால சாகித்திய புரஸ்கார் வழங்கி வருகிறது. ஒன்பது முதல் பதினாறு வயது வரை உள்ளவர்களுக்கான எழுத்துக்கு அந்த விருது. 2020-இல் தமிழுக்கு அதைப் பெற்றுத் தந்த யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' குழந்தைகள் மீதான பாலியல் சீண்டலைத் துணிந்து பேசியது. அந்தத் துணிச்சல் நம்மிடம் இருக்கிறது. ஆனால் நான்காம் வகுப்புப் பிள்ளையையும் பிளஸ் ஒன் மாணவரையும் ஒரே விருதுக்குள் அடக்கும்போது, பெரும்பாலும் பலன் பெறுவது சின்னப் பிள்ளைகளுக்கான எழுத்துதான். பதினான்கு வயதில் சிறுவர் கதைகளை விட்டு வெளியேறும் தமிழ்ப் பிள்ளை நேராகக் கல்கிக்கோ சுஜாதாவுக்கோ தாவுகிறது, இல்லையென்றால் வாசிப்பையே விட்டுவிடுகிறது. பதின்பருவத்துக்கென ஒரு தனி விருது இருந்தால் பதிப்பாளர்கள் அந்த வயதுக்கு எழுதச் சொல்வார்கள். பள்ளி நூலகங்கள் வாங்கும்.

ஜெர்மனி இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறது. 1956 முதல் வழங்கப்படும் அந்நாட்டு இளையோர் இலக்கிய விருதில், 2003 முதல் இளைஞர் நடுவர் குழுவும் உண்டு. வாசகர் வட்டங்களைச் சேர்ந்த பதின்பருவத்தினரே படித்து, விவாதித்து, தங்கள் நூலைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரு மாவட்டப் புத்தகத் திருவிழா மனது வைத்தால் இதை இங்கேயும் செய்துவிடலாம். பெரிய செலவு ஒன்றும் ஆகாது.

ஆங்கிலம் ஓரளவு தெரிந்த பிள்ளைக்கு இவற்றில் எதை முதலில் தருவது? படக்கதை பிடிக்கும் என்றால் யாங். சினிமாப் பைத்தியம் என்றால் 'மான்ஸ்டர்'. அதன் ஆங்கிலம் எளியது, வாக்கியங்கள் சின்னவை. நோட்டின் கடைசிப் பக்கத்தில் ரகசியமாகக் கவிதை எழுதுகிறவர் என்றால் அசெவெடோ. வரலாறு பிடித்தவருக்கு 'மார்ச்', முதல் புத்தகத்திலிருந்து. பெற்றோரும் அதே புத்தகத்தைப் படித்துவிட்டால் நல்லது. இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய் என்று கேட்காமல், ஸ்டீவ் அந்தக் கடைக்குள் எதற்குப் போனான் என்று நினைக்கிறாய் என்று கேட்கலாம். அந்தக் கேள்விக்குப் பிள்ளையிடம் நிச்சயம் ஒரு பதில் இருக்கும்.